இஸ்கூலு யாருடைய பிழை?

தமிழ்ச் சிறுகதைகளில் ரொம்ப நாளாக ஒரு வழக்கம் இருக்கிறது. கதைசொல்லி ‘பஸ் வந்து நின்றது’ என்று எழுதுவார். அடுத்த வரியில் கிராமத்துப் பெண் ‘பஸ்ஸு வந்திருச்சு’ என்பாள். கதைசொல்லிக்கு ஸ்கூல், அவளுக்கு இஸ்கூலு. கதைசொல்லிக்கு ஆஃபீஸ், அவளுக்கு ஆப்பீசு. அவள் படிக்காதவள் என்று வாசகருக்குத் தெரிவிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் அந்தக் கதையை எழுதியவரும் வீட்டில் அவசரமாகக் கிளம்பும்போது ‘பஸ்ஸு போயிரும்’ என்றுதான் சொல்வார். எழுத்தில் மட்டும் உகரம் அவளிடம் தங்கிவிடுகிறது, அவரிடமிருந்து உதிர்ந்துவிடுகிறது.

அந்த உகரம் எங்கிருந்து வருகிறது? உத்தமபாளையம் பக்கத்தில் விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேற்றிக்கொண்டு மலையேறும் வண்டிகளைச் சுற்றிப் புழங்கும் சொற்களைப் பாருங்கள். ஜீப்பு, டிரைவரு, டிரிப்பு, செக்போஸ்ட்டு, எஸ்டேட்டு. எல்லாம் உகரத்தில்தான் முடிகின்றன. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. நாடு, காசு, பாட்டு என்று குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். ஜீப்பையும் ரோட்டையும் அதே உகரம்தான் தாங்குகிறது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவதும் தமிழுக்கு ஆகாது. அதனால் ஸ்கூலுக்கு முன்னால் ஓர் இகரம் வந்து உட்காருகிறது. ஸ்பானியர்களும் இதையேதான் செய்தார்கள். லத்தீன் ‘ஸ்கோலா’ அவர்கள் வாயில் ‘எஸ்குவேலா’ ஆனது. அதை யாரும் பிழை என்பதில்லை, ஸ்பானிய மொழி என்கிறார்கள்.

கம்பன் செய்ததும் இதுதானே. ராமனை இராமன் ஆக்கினான், லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கினான், விபீஷணனை வீடணன் ஆக்கினான். ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இகரம் சேர்த்தான், வடவெழுத்தைத் தள்ளித் தமிழ் ஓசையை வைத்தான். இதை இலக்கணம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். லக்ஷ்மணனுக்கு முன்னால் வந்தால் மரபு, ஸ்கூலுக்கு முன்னால் வந்தால் அறியாமை. ஓர் இகரத்துக்கு இரண்டு நீதி. ஏலக்காய் பறிக்கிற பெண் தொல்காப்பியம் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த விதி அவள் நாக்கிலேயே இருக்கிறது.

சரி, படித்தவர்களின் ஆங்கிலம் எப்படி? அங்கே பிழை வேறு வழியாக வருகிறது. நாம் ஆங்கிலத்தைக் காதால் கற்கவில்லை, கண்ணால் கற்றோம். எழுத்துப்படி ஒலிக்கிற மொழியிலிருந்து போனவர்கள், அதனால் அங்கேயும் எழுத்தை நம்பினோம். புதன்கிழமையை ‘வெட்னஸ்டே’ என்று ‘ட்’டை அழுத்திச் சொல்கிறோம். கடனுக்கான ‘டெட்’ என்ற சொல்லில் ஊமையாக நிற்கும் ‘பி’யை எழுப்பி ‘டெப்ட்’ என்கிறோம். ‘ரிசீட்’டில் ஒலிக்காத ‘பி’ நம்மிடம் ஒலிக்கும். ‘சம்மர்’, ‘ஹேப்பி’ போன்றவற்றில் ஒற்று இரட்டிப்பதும் அப்படித்தான். எழுத்து இரண்டு இருந்தால் ஒலியும் இரண்டாகத்தானே இருக்க வேண்டும் என்பது தமிழ்க் கண்ணின் நியாயம். ஆக, எழுத்தறியாதவர் காதில் விழுந்ததைத் தமிழாக்குகிறார், எழுத்தறிந்தவர் தாளில் பார்த்ததைத் தமிழாக்குகிறார். கதையில் மாட்டிக்கொள்வது முதலாமவர் மட்டும்.

இந்தப் பள்ளத்தாக்கு தினமும் உச்சரிக்கிற ஒரு பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 1895ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக். ஜனவரி 15 அவர் பிறந்தநாள், இங்கே அன்றைக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. பென்னிகுவிக், பென்னிகுயிக், பென்னிகுக் என்று அந்தப் பெயர் பலவிதமாக வழங்குகிறது. எது சரி என்று கேட்டால் ஆங்கிலம் தெரிந்தவர் எழுத்துக்கூட்டி ‘குவிக்’ என்பார். ஆனால் அந்தக் குடும்பப் பெயர் ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் ஓர் ஊரின் பெயர். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைச் சொல்லும்போது ‘குக்’ என்றுதான் முடிப்பார்கள். ‘பென்னிகுக்’ என்பது கொச்சை என்று நினைத்திருந்தால், அந்தக் கொச்சைதான் ஊர்க்காரர் வாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. எடின்பரோவையே நாம் எழுத்தைப் பார்த்து ‘எடின்பர்க்’ ஆக்கியவர்கள்தானே.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் நாக்கும் இங்கே புரண்டதில்லை. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆனது, தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ ஆனது, உதகமண்டலம் ‘ஊட்டகமண்ட்’ ஆனது. அவற்றை வைத்துக் காமெடி டிராக் எழுதப்படவில்லை. வரைபடம் அச்சிட்டார்கள், ரயில் நிலையப் பலகையில் எழுதினார்கள். நாமும் அப்படியே சொல்லிப் பழகினோம். அவர்கள் வாய்க்கு வராதது அரசாங்கப் பெயரானது, நம் வாய்க்கு வராதது சிரிப்பானது.

ஈழத்து எழுத்தைப் படிக்கும்போது நமக்கு இன்னொரு பாடம் கிடைக்கிறது. அவர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார்கள், ‘ரிக்கற்’ என்று எழுதுவார்கள். ஆங்கில ‘டி’ நம் டகரம் போல நாக்கை மடித்துச் சொல்வதல்ல, நுனிநாக்கு பல்லுக்கு மேலே அண்ணத்தைத் தொட்டால் வருவது. யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது ‘ற்ற’வில் கேட்கும் ஒலிக்கு நெருக்கம், நமக்கு டகரத்துக்கு நெருக்கம். ஒரே ஒலி, இரண்டு காது. முதலில் தடுக்கினாலும் அதை அந்த மண்ணின் வழக்கு என்று மரியாதையோடு ஏற்றுக்கொள்கிறோம். அதே மரியாதையை இஸ்கூலுக்குக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை? ஏனென்றால் ரொறன்ரோ வேற்றூரின் அடையாளம், இஸ்கூலு நம் ஊரிலேயே நமக்குக் கீழே என்று நாம் நினைக்கிறவர்களின் அடையாளம்.

பேச்சுமொழியைக் கதையில் எழுதக்கூடாது என்று சொல்ல வரவில்லை. கி. ராஜநாராயணன் 1976ல் வந்த ‘கோபல்ல கிராம’த்தில் கதையைச் சொல்கிற குரலே கரிசல்காட்டுக் குரல்தான். பாத்திரத்துக்கு ஒரு மொழி, அவர்களை மேலேயிருந்து பார்க்கிற ஆசிரியருக்கு ஒரு மொழி என்ற ஏணி அங்கே இல்லை. அதனால் அந்தப் பேச்சு யாரையும் சின்னதாக்குவதில்லை. எழுதுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்த உச்சரிப்பு வித்தியாசம் கதைக்குள் இருக்கும் இன்னொரு ஆளின் காதில் விழுகிறதா? இன்டர்வியூ எடுக்கிறவர் முகம் சுளிக்கிறார், டவுனில் படிக்கிற பேரன் பாட்டியைத் திருத்துகிறான் என்றால் அது கதையின் விஷயம், எழுதத்தான் வேண்டும். கதைக்குள் யாருக்கும் கேட்காமல் வாசகர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதென்றால், அது ஆசிரியர் நமக்குக் காட்டும் கண்ஜாடை.

‘நல்ல உச்சரிப்பு வேண்டாமா, வெளியூர் போனால் புரிய வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும்தான். கற்றுக்கொடுக்கலாம், கேட்கக் கேட்க வந்துவிடும். ஆனால் கற்றுக்கொடுப்பது வேறு, கூசவைப்பது வேறு. உத்தமபாளையத்தில் 1956லிருந்து ஒரு கல்லூரி இருக்கிறது. சுற்றுப்பட்டிலிருந்து தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இன்றும் வருகிறார்கள். அப்படி வருகிற ஒரு பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கும், பதிலும் தெரிந்திருக்கும். தான் சொன்னால் ‘இஸ்கூலு’ மாதிரி ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வாள். அவளுக்கு அந்தப் பயத்தைக் கற்றுக்கொடுத்தது இங்கிலாந்துக்காரர் இல்லை. நம் சினிமாவும் நம் கதைகளும்தான். அவள் உச்சரிப்பைச் சரிசெய்ய ஒரு பருவம் போதும். அந்த மௌனத்தைக் கலைக்க அதைவிட ரொம்ப நாள் ஆகும்.