பொன்சாயில் வெயிலைப் பாருங்கள்

பொன்சாய் முன்னால் போய் நிற்கும் பலர் முதலில் விசாரிப்பது மரத்தின் வயதை. அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் சற்றுக் குனிந்து, மரத்தின் நடுப்பகுதி கண்மட்டத்துக்கு வரும்படி நில்லுங்கள். ஒரு கிளைக்கும் அதற்கு மேலுள்ள கிளைக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். அழகுக்காக விட்டதுபோலத் தெரியும் அந்த இடைவெளி வழியாகத்தான் வெயில் உள்ளே போகிறது.

பெரும்பாலான மரங்களுக்கு உச்சியில்தான் வேகம். கவனிக்காமல் விட்டால் மேற்கிளைகள் குடைபோல் விரிந்து, கீழே வெயிலை அண்டவிடாது. நிழலில் சிக்கிய கிளையை மரம் வெகுநாள் தாங்காது. உள்பக்க இலைகள் பழுத்து உதிரும். சிறு குச்சிகள் காயும். கடைசியில் கிளையே பட்டுப்போகும். பைன் மரத்தில் மொட்டையாகிவிட்ட பழைய கிளை மறுபடி துளிர்ப்பது அரிது. அதனால்தான் ஜப்பானிய வளர்ப்பாளர்கள் இலையுதிர்காலத்தில் இடுக்கியை எடுத்துக்கொண்டு கறுப்புப் பைனின் ஊசியிலைகளைப் பிடுங்குகிறார்கள். உச்சியில் நிறைய, அடியில் கொஞ்சம். வயதான பைனின் அடிக்கிளை இன்னும் பச்சையாக இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் பல வருடப் பொறுமை இருக்கிறது. எனக்கு அந்த அடிக்கிளைதான் மரத்தின் உச்சிக் கிரீடத்தைவிட அழகு.

அடுத்து ஒரு சிறு குச்சியைக் கிட்டத்தில் பாருங்கள். போதிய வெயிலில் வளர்ந்ததில் கணுக்கள் நெருங்கி நெருங்கி இருக்கும்; இலை சிறுத்து, தடித்திருக்கும். வெளிச்சத்துக்கு ஏங்கிய மரத்தில் கணுவுக்குக் கணு தூரம் கூடி, இலை அகன்று மெலிந்துவிடும். ஜப்பானிய மேப்பிளின் இலை ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தால் கோடையின் பிற்பகல் வெயில் சுட்டிருக்கலாம்; அதற்கு அந்த நேரத்தில் நிழல்வலை வேண்டும். பைனுக்கு நாள் முழுக்க வெயில் பிடிக்கும்.

முடிந்தால் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். சட்டியை அவ்வப்போது திருப்பி வைத்தவரின் மரத்தில் முதுகுப்பக்கமும் இலை நிறைந்திருக்கும். சுவரோரமாகவே கிடந்த மரம் அங்கே சொட்டையாக இருக்கும்.

பொன்சாய் வாழவேண்டிய இடம் எது என்பதை ஜப்பானில் பார்க்கலாம். 1923இல் டோக்கியோவைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்நகரின் பொன்சாய் வளர்ப்பாளர்கள் பலர் சைத்தாமா மாகாணத்திலுள்ள ஓமியாவுக்குக் குடிபெயர்ந்து, 1925இல் அங்கே ஒரு பொன்சாய் கிராமத்தையே உண்டாக்கினார்கள். அங்குள்ள தோட்டங்களில் மரங்கள் வாழ்வது திறந்தவெளிப் பலகைகள் மேல். ஜப்பானிய வீட்டில் தொகொனோமா என்னும் மாடத்தில் விருந்தினர் பார்க்க வைப்பதும் ஒருசில நாள்தான். பிறகு மரம் வெளியே போய்விடும்.

வரவேற்பறை அலமாரியில் பொன்சாய் வைக்க ஆசைப்படுபவர்கள் இந்த வழக்கத்தைப் பின்பற்றலாம். நம் கண் மங்கல் வெளிச்சத்துக்குச் சட்டென்று பழகிவிடுவதால் அறை பிரகாசமாகத் தோன்றும். ஜன்னலிலிருந்து நாலடி உள்ளே வந்தாலே வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடுகிறது. அது இலைக்குத் தெரியும். ஆல், இச்சி வகைகள் கொஞ்சம் சமாளிக்கும். அவற்றையும் மொட்டைமாடிக்கு மாற்றும்போது முதல் வாரம் இளவெயில் மட்டும் காட்டுங்கள். நேரே உச்சிவெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும்.