அந்த அம்மா எப்போது உட்காருவார்?

எம்.ஏ. தமிழ் மாணவிகளுக்குப் பெண்ணியத் திறனாய்வுத் தாள் நடத்தும்போதெல்லாம் ஆலிஸ் வாக்கரின் 'நம் அன்னையரின் தோட்டங்களைத் தேடி' கட்டுரையைச் சேர்த்துக்கொள்வேன். 1974இல் 'மிஸ்' இதழில் வந்தது. 1983இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்புக்கும் அதுவே தலைப்பு. வேண்டிய பகுதிகளை நானே தமிழாக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஜார்ஜியாவில் வாரத்துக்கு உழைத்த கறுப்பினத் தாய், எட்டுப் பிள்ளைகள். வயலுக்குப் போகுமுன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். திரும்பி வந்தபின் கிழங்குகளைப் பிரித்து நடுகிறார், ரோஜாவைப் பெயர்த்து வைக்கிறார், இருட்டிக் கண் தெரியாமல் போகும்வரை. ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைச் செடிகள். பேனா கிடைக்காத பெண்ணின் கலை மண்ணில் வெளிப்பட்டது என்று நான் சொல்லும் இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன ஆண்டு அந்த அமைதியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அந்த அம்மா எப்ப மேம் உட்காருவாங்க?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. திருப்பூர்ப் பக்கமிருந்து வருகிறவள். அம்மா பனியன் கம்பெனியில் பவர் டேபிள். ஆர்டர் நெருக்கினால் தினமும் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. லைன் வீட்டு வாசலில் பழைய பெயின்ட் வாளிகளில் கனகாம்பரம் வளர்க்கிறாராம். சனிக்கிழமைகளில் மகளும் அதே கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறாள். வாக்கரின் தாய் அவளுக்கு இலக்கியப் பாத்திரம் அல்ல, தெரிந்த ஆள்.

வீட்டுக்கு வந்து மூலத்தை எடுத்துப் படித்தேன். கேள்விக்கான விடை அதிலேயே இருந்தது. இடையூறில்லாமல் உட்கார்ந்து தன் மனதில் ஓடுவதைப் பிரித்துப் பார்க்கத் தன் தாய்க்கு ஒரு கணமும் வாய்த்ததில்லை என்று வாக்கர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பூக்களுக்கு வருமுன்பே எழுதியிருக்கிறார். நான் தமிழாக்கிய பக்கங்களில் அந்த வரி இல்லை.

நீளம் கருதி விட்டேன் என்று என்னையே சமாதானப்படுத்தப் பார்த்தேன். உண்மை அதுவல்ல. அந்த வரி இருந்தால் கொண்டாட முடியாது. வாக்கர் எழுதியது பாதி இரங்கல், பாதி வியப்பு. நான் நடத்தியது வெறும் வியப்பு. அம்மாக்களைப் பற்றிய நம் கவிதைகளிலும் இந்தத் தவறு நிறைய உண்டு. என்னுடையவற்றிலும் உண்டு. அவர்கள் வளர்த்த முருங்கையைப் பாடுகிறோம். அவர்கள் படிக்காமல் போன புத்தகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் வாரம் எப்படிப் போகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வகுப்பு மூன்றரைக்கு முடிந்தாலும் தர மதிப்பீட்டுக் கோப்புகள், விடைத்தாள், பதிவேற்றம் என்று வீடு சேர இரவாகிவிடும். மிகைநேரத்துக்கு இருமடங்கு கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது. எங்கள் மிகைநேரத்துக்குப் பெயர் 'அர்ப்பணிப்பு'. மிச்சமிருப்பது ஞாயிறு. மாடியில் பன்னிரண்டு பைகளில் வெண்டை, கத்தரி, கீரை. கீழே மேசையில் பாதி படித்த புத்தகம்.

இரண்டும் என் விருப்பம்தான். ஆனால் இரண்டையும் வீடு ஒன்றுபோல நடத்துவதில்லை. மாடிக்குப் போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை; கீரை பறித்துக்கொண்டு இறங்குவேன் அல்லவா? புத்தகத்தோடு உட்கார்ந்தால் "சும்மாதானே இருக்கே" என்று ஒரு வேலை வரும். தோட்டம் சேவையைப் போலத் தோற்றம் தருவதால் அனுமதிக்கப்படுகிறது. வாசிப்பு அடுப்புக்கு எதையும் கொண்டுவருவதில்லை. இன்னொன்றும் உண்டு: தண்ணீர் ஊற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து தொடரலாம். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து வைத்தால் அரைமணி கழித்தும் அடிக்கலாம். பாதியில் விட்ட பத்தியை அப்படித் தொடர முடிவதில்லை. திரும்பி வரும்போது புத்தகம் அங்கேதான் இருக்கிறது, நான்தான் இல்லை.

இந்த வேறுபாட்டை டில்லி ஓல்சன் போல யாரும் விடாப்பிடியாகச் சொன்னதில்லை. நான்கு பெண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, கூலி வேலைகளும் செய்து, இருபது ஆண்டுகள் எழுதாமல் கிடந்தவர் அவர். தாய் என்பவள் எந்தக் கணத்திலும் குறுக்கிடப்படக் கூடியவள் என்பது 1978இல் வந்த அவருடைய 'மௌனங்கள்' நூலின் மையம். வுல்ஃப் 1929இல் தனியறையும் கதவுக்குப் பூட்டும் கேட்டார். தன் உடலே தனக்குச் சொந்தமில்லாத அடிமைக் கவிஞர் ஃபிலிஸ் வீட்லிக்கு எந்தப் பூட்டு என்று வாக்கர் திருப்பிக் கேட்டார். ஓல்சன் அழகான பதில் எதையும் தேடவில்லை. எழுதப்படாதவற்றின் கணக்கை மட்டும் எடுத்தார். வாக்கரை ஓல்சன் இல்லாமல் நடத்தக்கூடாது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தனியாக நடத்தினால் வாக்கர் ஆறுதலாகிவிடுகிறார். களைத்த பெண்ணுக்கு இன்னும் ஒரு வேலையைக் கலை என்று பெயரிட்டுக் கொடுக்கும் ஆறுதல்.

அதற்காகத் தோட்டத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. வெண்டை விதை நான்காம் நாள் மண்ணைத் தூக்கிக்கொண்டு எழுவதைப் பார்க்கும்போது யாரும் எனக்குச் சுற்றறிக்கை அனுப்புவதில்லை. செடிகளுக்கு நடுவில் தன் தாயின் முகம் ஒளிர்ந்ததாக வாக்கர் எழுதுவது பொய்யல்ல, கனகாம்பரத்துக்கும் அது பொருந்தும். பெண்கள் இதழ்கள் சொல்லித்தரும் 'வேலை–வாழ்க்கைச் சமநிலை'தான் பொய். தராசில் இரண்டு தட்டு என்கிறார்கள். மூன்றாவது தட்டில் அரிசி, பருப்பு, துவையல் துணி எல்லாம் கிடக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். செய்கிறேன் என்று சொன்ன ஆண்களே குறைவு என்பது தனிக்கதை.

இந்தப் பருவத்துக்கான ஜெராக்ஸில் விட்டுப்போன வரியைச் சேர்த்துவிட்டேன். ஓல்சனிலிருந்தும் நான்கு பக்கம்.

அந்த மாணவியின் கருத்தரங்கக் கட்டுரை இதே வாக்கரைப் பற்றியதுதான். ஒன்பது பக்கம், கையெழுத்து கடைசிப் பக்கங்களில் சரிந்து போயிருந்தது. சனிக்கிழமை கொடுக்க வேண்டியதைத் திங்கட்கிழமை கொடுத்தாள். தாமதத்துக்கு இரண்டு மதிப்பெண் கழிப்பது என் விதி, கழித்தேன். அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரம் அவளுக்கும் ஒன்றரை ஷிப்ட் என்பது எனக்குத் தெரிய வந்தபோது மதிப்பெண் பட்டியல் அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது.