போவிஸ் மாளிகையின் பொற்புலித்தலை

கலைப்பொருளை ஆராய்வோர் அதன் வடிவை நோக்குதல் இயல்பு. அஃது எவ்விடத்தில், எவற்றோடு வைக்கப்பட்டுள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும். அரியணையில் அமைந்தபோது அரசாணையைக் குறித்த பொருள், செல்வர் மாளிகையில் அவர்தம் பெருமையைக் குறிப்பதாகிவிடும். இதற்கு வேல்ஸ் நாட்டுப் போவிஸ் மாளிகை தக்க சான்றாகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிற் கோட்டையாக எழுந்த இதனை 1587இல் ஹேபேட் குடும்பத்தார் வாங்கினர். 1784இல் அக்குடும்பத்து ஹென்றியெற்றா, றொபேட் கிளைவின் மைந்தரான எட்வேட் கிளைவை மணந்தார். இவ்வுறவினாற் கிளைவ் குடும்பத்தாரின் இந்தியப் பொருள்களும் இம்மாளிகையை அடைந்தன. பெலொற்றோ தீட்டிய வெறோனா நகர்க் காட்சியும், றெனல்ட்ஸ் வரைந்த ஹென்றியெற்றாவின் உருவப்படமும் உள்ள இல்லத்திலேயே திப்பு சுல்தானின் உடைமைகளும் இடம்பெற்றன. மக்கள் வாழ்ந்த மனையில் ஓவியமும் இருக்கையும் திரைச்சீலையும் ஒன்றற்கொன்று துணையாய் நின்று தரும் இன்பம் பெரிது, அதனை மறுப்பாரிலர்.

ஆயினும், அவ்வொழுங்கே ஒரு குறைக்கும் இடமளிக்கின்றது. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். அக்காலத்துச் சென்னை ஆளுநர் எட்வேட் கிளைவே. வென்ற படையினர் கொள்ளைப் பங்கீட்டின் பொருட்டுத் திப்புவின் அரியணையை உடைத்தனர். அதன் சிறு பொற்புலித்தலைகளுள் ஒன்று போவிசிற் சேர்ந்தது. பெரும் புலித்தலையும் ஹுமாப் பறவையும் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பை அடைந்தன. திப்புவின் பூவேலைச் சீட்டிக் கூடாரமோ போவிசில் தோட்ட விருந்துக்குப் பந்தலாயிற்று!

புலித்தலையின் வேலைப்பாடு நுண்ணியது. எனினும் அது தன்னளவில் முழுமை பெற்ற பொருளன்று. சிதைக்கப்பட்ட ஒன்றின் துண்டு. விலைகொடுத்துப் பெற்றதும் வாளாற் பெற்றதும் ஒரு கூரையின்கீழ் ஒருங்கே விளங்கும்போது, காண்பார்க்கு அவ்வேற்றுமை புலனாவதில்லை. மேலும், வெறோனாக் காட்சி தீட்டியவர் பெயரால் அறியப்படுகின்றது. சீட்டியில் மலர் பதித்த கைகளோ பெயரற்றுப் போயின. 1987இல் இந்தியப் பொருள்களுக்கென அங்கு அமைந்த கூடம் கிளைவ் பெயரையே பெற்றது.

1952 முதல் இம்மாளிகையைப் பேணிவரும் நாஷனல் ட்றஸ்ட், தன் மாளிகைகளுக்கும் குடியேற்ற ஆட்சிக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்து 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. போவிசும் அதில் இடம்பெற்றது. இது நன்முயற்சியே. ஆனால், அறிக்கை கூறும் உண்மையைக் காட்சியும் கூறுதல் வேண்டும். உடைந்த அரியணையின் நினைவையும் உடனெழுப்பும்போதே பொற்புலித்தலை செவ்விதிற் காட்டப்பட்டதாகும்.