புல் முளைத்தால் போதுமா?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலும் கிழக்குக் கென்டக்கியிலும் நிலக்கரிக்காக உச்சி வெட்டப்பட்ட அப்பலாச்சிய மலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. சரிவெல்லாம் பச்சை. கிட்டே போனால், ஓக்கும் மேப்பிளும் நின்ற இடத்தில் ஃபெஸ்கியூ புல்லும் ஆசியாவிலிருந்து வந்த லெஸ்பிடேசா செடியும்தான் மண்டிக்கிடக்கின்றன. பல இடங்களில், சுரங்க நிலத்தைச் சீரமைக்கச் சொல்லும் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றியதன் விளைவே இது.

அந்த 1977ஆம் ஆண்டுச் சட்டத்தை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. அதற்கு முன் பல கம்பெனிகள் நிலக்கரியை அள்ளிக்கொண்டு, செங்குத்தான வெட்டுமுகத்தையும் சரிந்துவிழும் கற்குவியலையும் அப்படியே விட்டுப் போயின. 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவால் எழுப்பிய அணை உடைந்து 125 பேர் மாண்டனர். ஆகவே, எதுவும் சரியக்கூடாது என்பதே சட்டத்தின் முதல் கவலையாக இருந்தது. வண்டல் பிடிக்கும் குளம், வடிகால், சரிவின் உறுதிக்கு 1.5 என்ற பாதுகாப்புக் கெழு என்று கட்டுமானத்துக்குக் கறாரான விதிகள் வந்தன. கம்பெனி முன்கூட்டியே கட்டும் பிணைத்தொகை, செடிகொடி நிலைபெற்ற பின்பே திரும்பக் கிடைக்கும். கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைச் சீராக்க, தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம். உயிர்களைக் காத்த ஏற்பாடுகள் இவை.

ஆனால் அந்தக் கவலையே மரத்துக்கு எமனானது. சரிவு நிலைக்க வேண்டுமென்று புல்டோசரை மீண்டும் மீண்டும் ஓட்டி மண்ணை இறுக்கினார்கள். அரிப்பைத் தடுக்க வேகமாகப் படரும் புல்லை விதைத்தார்கள். இறுகிய மண்ணில் வேர் இறங்காது, மழைநீரும் இறங்காது. தப்பிய கன்றைப் புல் நெருக்கிவிடும், புல்லை நம்பி வரும் எலி பட்டையைக் கடித்துவிடும். மழை மிகுந்த அப்பலாச்சியாவில் பிணைப் பொறுப்புக் காலம் 5 ஆண்டு. ஓக் மரத்துக்கு அது பால்குடிப் பருவம். அந்தக் கணக்குக்குள் காடு எப்படி அடங்கும்? பணத்தை விரைவாக மீட்கப் புல்லே லாபம். கம்பெனிக்காரர் வேறு எதைத் தேர்வார்?

2004இல் தொடங்கிய அப்பலாச்சிய மறுகாடாக்க முயற்சி இந்தத் தவற்றைத் திருத்தப் பார்த்தது. மேலே சுமார் 4 அடிக்கு இளகிய மண்ணும் சிதைந்த மணற்பாறையும், புல்டோசருக்குக் குறைந்த ஓட்டம், அடர்த்தி குறைந்த புல், பிறகு உள்ளூர் மரங்கள். மேடும் பள்ளமுமாக அரைகுறை வேலைபோலத் தெரியும் நிலத்தில்தான் கன்று பிழைக்கிறது. மட்டம் தட்டி அழகு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதை ஏற்பது கஷ்டம்தான். மட்டம் தட்டும் செலவும் மிச்சம் என்பதால் எனக்கு இது ஐயமற்ற முன்னேற்றமாகப் படுகிறது.

ஆனாலும் ஓடைகள் விஷயத்தில் இம்முறை கைவிரிக்கிறது. வெடித்துத் தகர்த்த பாறை பருமனில் உப்பிவிடும். பழைய இடத்தில் முழுவதும் கொள்ளாது. மிச்சத்தைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறார்கள். அதன் ஊடே கசியும் நீர் சல்பேட் உப்புகளையும் சில இடங்களில் செலினியத்தையும் கரைத்துக் கீழோடையில் சேர்க்கிறது. உப்பு ஏறியதும் மேஃபிளை போன்ற நீர்ப்பூச்சிகள் அருகிவிடுகின்றன. குவியலின்மேல் காடே வளர்ந்தாலும் அடியில் பாறை பல்லாண்டுகள் கரைந்துகொண்டிருக்கும். தொழிற்கூடமோ குடியிருப்போ வரும் என்று காட்டினால் பழைய மலைவடிவை மீட்பதிலிருந்தே விலக்குத் தரும் பிரிவு அந்தச் சட்டத்தில் இன்னொரு ஓட்டை.

பிணைத்தொகையில் ஒரு பங்கையாவது ஓடைநீரின் உப்பளவோடு கட்டிவைக்கலாம். ஐந்தாண்டுக் கெடு அங்கே செல்லாது என்பதால் கம்பெனிகள் கடுமையாக எதிர்க்கும். பள்ளத்தாக்கில் பாறையைக் கொட்டுவதன் உண்மையான செலவு, அனுமதி கேட்கும் நாளிலேயே அவர்களின் கணக்கில் ஏற அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.