சீனியர் கொடுத்த ரெஸ்யூம்

கோவையின் பொறியியல் கல்லூரி விடுதிகளில் இறுதியாண்டு தொடங்கியதும் ஒரு வேர்டு கோப்பு கைமாறும். போன வருடம் வேலை கிடைத்துப் போன சீனியரின் ரெஸ்யூம் அது. பெயர், கைப்பேசி எண், மதிப்பெண், புராஜெக்ட் தலைப்பு ஆகியவற்றை மாற்றினால் புது ரெஸ்யூம் தயார். மேலே இருக்கும் 'கேரியர் அப்ஜெக்டிவ்' பத்தியும், கீழே கையெழுத்துக்குக் காத்திருக்கும் 'டிக்ளரேஷனும்' அப்படியே நிற்கும். அவற்றை முதலில் எழுதியவர் யார் என்று எவருக்கும் தெரியாது.

இந்த வழக்கத்தைச் சோம்பல் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவது நியாயமில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குத் தமிழக அரசு 2010-11 கல்வியாண்டு முதல் கட்டணச் சலுகை தருகிறது. அப்படிப் படித்து வருகிற பிள்ளைக்கு, ஒரு நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. அந்த இடத்தில் சீனியரின் கோப்புதான் அண்ணனும் அக்காவும். எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்ற குழப்பத்தை அது தீர்க்கிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கிற கேம்பஸ் நேர்காணலிலும் ஒரே வடிவம் வசதியானதுதான்.

கல்லூரி வாசலைத் தாண்டியதும் கதை மாறுகிறது.

கோவையில் வேலைச் சந்தை ஒன்றல்ல, குறைந்தது இரண்டு. டைடல் பார்க், சரவணம்பட்டி என்று வளர்ந்த மென்பொருள் சந்தை ஒன்று. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று பரவியிருக்கும் ஃபவுண்டரி, பம்ப்செட், மோட்டார், உதிரிபாகத் தொழில் இன்னொன்று. முதலாவதில், பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ரெஸ்யூமை மனிதருக்கு முன்பே மென்பொருள் படித்துவிடுகிறது. கட்டம் போட்ட அட்டவணை, பக்கத்தை இரண்டாகப் பிரித்த வடிவம், படமாக ஒட்டிய எழுத்து எல்லாம் அதற்குத் தடுமாற்றம் தரும். இரண்டாவதில் பல சமயம் ரெஸ்யூம் போய்ச் சேரும் இடம் புரொடக்‌ஷன் மேனேஜரின் வாட்ஸ்அப். டிராயிங் பார்க்கத் தெரியுமா, வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்த கையா, சிஎன்சி இயந்திரத்தில் பழகிய கன்ட்ரோலர் ஃபனக்கா சீமென்ஸா, ஷிஃப்டுக்கு எங்கிருந்து வர வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியது. 'கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர்' என்ற வரியில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரே கோப்பை இரண்டு இடத்துக்கும் அனுப்புகிறவர் இரண்டு இடத்திலும் பாதி ஆளாகத்தான் தெரிகிறார்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வீட்டில் வளர்ந்த ஒரு மெக்கானிக்கல் மாணவரை நினைத்துப் பார்க்கலாம். பள்ளிக்கூட நாளிலிருந்தே பாவு பிணைத்திருப்பார். தறி நின்றால் எங்கே கோளாறு என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். ஜவுளி இயந்திரம் செய்கிற ஒரு நிறுவனம் காசு கொடுத்துக் கற்றுத்தர வேண்டிய அறிவு அது. ஆனால் சீனியரின் கோப்பில் அதற்கு இடமில்லை. 'வீட்டு வேலைதானே' என்று அவரும் விட்டுவிடுகிறார். இந்த வழக்கத்தின் பெரிய குறை இதுதான்: கைவசம் இருப்பதிலேயே மதிப்பு மிகுந்ததை எழுதத் தகாததாக ஆக்கிவிடுகிறது.

இன்னொரு குறை கொஞ்சம் கசப்பானது. பல கோப்புகளில் மதம், சமுதாயம், திருமண நிலை என்று தனிவிவரம் நீள்கிறது. 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழியைப் போலவே இவையும் அரசு விண்ணப்பத்தின் சாயல். அரசு விண்ணப்பத்தில் சாதி விவரம் இட ஒதுக்கீடு என்னும் உரிமையோடு சேர்ந்தது. தனியார் வேலையில் அந்த உரிமை இல்லை. விவரத்தைத் தருவதால் வரக்கூடிய கேடு மட்டும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு அவர்கள் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, வேறுவேறு பெயர்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது. பெயருக்குப் பின்னால் சாதி எழுதாமல் தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொள்ள நெடுநாளாகப் பழகிய தமிழ்நாட்டில், ரெஸ்யூமின் கடைசிப் பகுதியில் அதைத் தாமே எழுதித் தருவது வேதனையானது.

பழைய கோப்புக்கு மாற்றாக இப்போது யூடியூபில் இன்னொரு யோசனை சொல்லப்படுகிறது: ஒரே பக்கம், வரிக்கு வரி எண். ஐந்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு அது நன்றாகவே பொருந்தும். கல்லூரியை விட்டு இப்போதுதான் வெளிவருபவரிடம் எண் கேட்டால் பெரும்பாலும் அவர் அதைக் கற்பனைதான் செய்வார். தன் மினி புராஜெக்ட் உற்பத்தித் திறனை நாற்பது சதவீதம் உயர்த்தியது என்று எழுதுபவர், எப்படி அளந்தாய் என்ற முதல் கேள்வியிலேயே சறுக்கி விழுவார்.

ஆனால் சோமனூர் மாணவரிடம் உண்மையான எண்கள் இருக்கின்றன. வீட்டில் எத்தனை தறி, அவற்றை எத்தனை ஆண்டு கவனித்தார், எந்தக் கோளாறைத் தானே சரிசெய்தார் என்று மூன்று வரியில் எழுதிவிடலாம். சீனியரின் கோப்பில் 'ஹாபீஸ்' என்று இருக்கும் பகுதியை எடுத்துவிட்டால் அந்த மூன்று வரிக்கும் இடம் கிடைத்துவிடும்.