என்ன பகை? – ஒரு தீர்ப்பை வாசித்தல்

உடுமலை சங்கர் வழக்கில் 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, ஊரடங்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் எங்க தெருவில் பத்துப் பேர் உட்கார்ந்து வாசித்தோம். ஒருத்தர் வாசிக்க, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். வாசப்படியில் வெத்திலை மென்றுகொண்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்த கெழவி கடைசியில் ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "ஏந்தம்பி, வெட்டுன பயலுகளுக்கும் அந்தப் பையனுக்கும் என்னப்பா பகை?"

மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். எனக்குப் பதில் கிடைக்கல. கதையையும் கவிதையையும் விமர்சனம் பண்ணுகிற நாம், நம்ம சாவைப் பற்றி எழுதப்படுகிற இந்தப் பிரதிகளை ஏன் விமர்சனம் பண்ணாமல் விடுகிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நடந்தது ஊருக்கே தெரியும். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கிட்ட, பட்டப்பகலில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க வெட்டினார்கள். சங்கர் செத்தான். வெட்டுப்பட்ட கௌசல்யா பிழைத்தார். 2017 டிசம்பர் 12இல் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்கு விதித்தது; தாய் உட்பட 3 பேரை விடுவித்தது. மேல்முறையீட்டில் தந்தை முழுமையாக விடுதலை. கூட்டுச் சதி நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். வெட்டிய 5 பேருக்கும் தூக்கு, ஆயுளாகக் குறைந்தது. 25 வருசத்துக்குக் குறைப்பு கிடையாது.

அதாவது கொலை உண்டு. கொன்ற கைகள் உண்டு. கைகளை ஏவியது யார் என்ற இடம் வெற்றிடம். அரசுத் தரப்பு சொன்ன கதையில் அந்த ஐவரும் கூலிக்கு வந்தவர்கள். கூலி கொடுத்தவர் என்று சொல்லப்பட்டவரை எடுத்துவிட்டால், முன்பின் பகையில்லாத ஒருவனைத் தேடிப்போய் வெட்டிய இவர்கள் யாருக்காக வெட்டினார்கள்? காரணமே இல்லாமல் காரியம் மட்டும் நடக்கிற கதையை ஒரு எழுத்தாளன் எழுதியிருந்தால் கிழிகிழி என்று கிழித்திருப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய தண்டனைச் சட்டத்தின் 120-பி பிரிவில், ரெண்டு பேர் குற்றம் செய்ய ஒத்துக்கொண்டாலே குற்றம். சாட்சியச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, சதி இருந்ததென்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், ஒருத்தர் சொன்னதையும் செய்ததையும் மற்றவருக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ள விட்டது. (2024 ஜூலை முதல் சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறியிருக்கின்றன, சங்கதி அதேதான்.) யாரும் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சதி செய்வதில்லை. ஆகவே பணம் எடுத்தது, அறை போட்டுக் கொடுத்தது, போனில் பேசியது என்று நார் நாராகச் சேர்த்துத்தான் கயிறு திரிக்க வேண்டும். திருப்பூர் கயிற்றைப் பார்த்தது. சென்னை ஒவ்வொரு நாராகப் பிரித்து இழுத்து, இது அறுகிறது, இதுவும் அறுகிறது என்றது. தனி நார் அறுந்துதானே போகும்.

இந்திரா காந்தி கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். சுட்ட பியந்த் சிங்கோடு கேஹர் சிங் மொட்டை மாடியில் தனியாகப் பேசினார் என்பது சாட்சியம். பேசியது என்னவென்று சாட்சிக்குக் கேட்கவில்லை. அதோடு அமிர்தசரஸ் போய்வந்தது மாதிரியான சில சங்கதிகள். சதி இரகசியமாகத்தான் நடக்கும், நேரடிச் சாட்சி அபூர்வம் என்று சொல்லி 1988இல் உச்ச நீதிமன்றம் அவரது தூக்கை உறுதி செய்தது. 1989 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். அது சரியென்று நான் சொல்ல வரல. செத்தது பிரதமர் என்றால் கேட்காத பேச்சுக்கும் எடை உண்டு. செத்தது கொமரலிங்கத்துப் பையன் என்றால் நாரை எண்ணுகிறார்கள்.

இன்னும் பழசு ஒண்ணு இருக்கு. வெண்மணி. 1968 டிசம்பர் 25, ஒரே குடிசையில் 44 பேர் கரிக்கட்டை. கீழ்க் கோர்ட்டு கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றச் சிலருக்கும் தண்டனை கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. அவ்வளவு பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்க் கொளுத்தினார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். ஆளை விட்டிருப்பார்களே தவிர நேரில் வந்திருக்க மாட்டார்களாம். அன்று நேரில் வந்தார் என்றோம், அந்தஸ்துள்ளவர் ஆளைத்தானே ஏவுவார் என்றார்கள். அரை நூற்றாண்டு கழித்து ஆளை ஏவினார் என்றோம், ஏவியதற்கு அத்தாட்சி எங்கே என்கிறார்கள்.

இங்கே எனக்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மறைத்தால் நேர்மையில்லை. சதியை லேசாக நிரூபிக்கலாம் என்று சட்டம் தளர்ந்தால் முதலில் உள்ளே போகிறவன் நம்ம பையன்தான். பொய் வழக்கு என்றால் என்னவென்று சேரிக்குத் தெரியாதா? சந்தேகத்தின் பலனை நமக்கு மட்டும் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு மறுக்க முடியாது. விடுதலையானவரைக் குற்றவாளி என்று எழுதவும் மாட்டேன். என் சண்டை அளவுகோலோடு இல்லை. ஒரே அளவுகோல் ஆளுக்கு ஆள் நீளுவதோடும், நாரை நாராகவே கொண்டுவந்து கொட்டுகிற போலீசோடும்தான். கோர்ட்டில் அறுகிற சாட்சியம் பாதி, ஸ்டேஷனிலேயே இத்துப்போனது.

கௌசல்யா கூண்டில் ஏறி, பெற்ற தாய் தகப்பனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். தன்னைச் சங்கரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோக நடந்த முயற்சிகளைச் சொன்னார். சாதி அந்த வீட்டுக்குள் எப்படிப் பேசும் என்று அவரை விடத் தெரிந்த சாட்சி யார்? கோபம் இருந்தது என்பதற்கு மட்டும் அது போதும், சதிக்குப் போதாது என்று ஆனது.

முடியாத காரியமா இது? கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். கேமராவில் தெரிவது தானே இல்லை என்றார். நீதிபதிகள் திருச்செங்கோடு கோயிலுக்கும், உடல் கிடந்த தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் முதல் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். அதே உயர் நீதிமன்றம்தான்.

உடுமலைத் தீர்ப்பை எதிர்த்துத் தமிழக அரசும் கௌசல்யாவும் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார்கள். கெழவி இப்பவும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேக்குது: "என்னப்பா, அந்தப் பகை என்னன்னு கண்டுபிடிச்சியா?"