மட்டியின் மரபணுவும் குளத்தின் வரலாறும்

நன்னீர் மட்டியின் ஓட்டை மட்டும் வைத்து இனத்தைத் தீர்மானிப்பது ஆபத்தான வேலை. ஒரே இனம் சேற்றில் ஒரு வடிவாகவும் ஓடும் நீரில் வேறொரு வடிவாகவும் வளரும். இலங்கைக் குளங்களில் காணும் லமெலிடென்ஸ் மட்டிகளும் இதற்கு விலக்கல்ல. ஆகவே மரபணுக் குறிகளை நாடுவது சரிதான். பஞ்சுக்குச்சியால் பாதத்தை ஒற்றினாலே டி.என்.ஏ. கிடைத்துவிடும், மட்டி உயிரோடு குளத்துக்குத் திரும்பலாம்.

மலிவான குறி, இழைமணியின் சி.ஓ.ஐ. மரபணு. 1994இல் வெளிவந்த ஃபோல்மர் பிரைமர்கள் பல முள்ளந்தண்டிலிகளில் அதைப் பெருக்கித் தருகின்றன. ஆனால் பெரும்பாலான விலங்குகளில் தாய்வழியே மட்டும் வரும் இழைமணி, பல நன்னீர் மட்டிகளில் தந்தையிடமிருந்தும் மகனுக்கு வந்து விந்தகத்தில் குடியிருக்கிறது. தாய்வகையும் தந்தைவகையும் நெடுங்காலம் தனித்தனியே மாறிவந்தவை. ஒரே மட்டிக்குள் இரண்டு இனங்கள் இருப்பதுபோல் தோன்றும். எந்த இழையத்தை எடுத்தோம் என்று குறித்துவைக்காத ஆய்வாளர், இல்லாத இனமொன்றைக் கண்டுபிடித்துவிடுவார்.

குடித்தொகை ஆய்வுக்கு, டி.என்.ஏ.யில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடரான மைக்ரோசாட்லைட் சி.ஓ.ஐ.யைவிடக் கூர்மையானது. செலவும் கூட: புதிய இனம் என்றால் பிரைமரை அநேகமாகப் புதிதாகவே தேடவேண்டும். பிரைமர் ஒட்டும் இடம் மாறியிருந்தால் அந்த எதிருரு பெருகாது; இரண்டு எதிருரு கொண்ட மட்டி ஒன்று மட்டும் கொண்டதாகத் தோன்றும். மட்டிகளில் இது அடிக்கடி நேர்வது. அதைக் கவனிக்காதவர் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் என்று எழுதிவைப்பார்.

இவை ஆய்வுகூடத்தில் திருத்தக்கூடிய குறைகள். பெரிய குறை வெளியே, குளங்களின் வரலாறு தெரியாததில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியோடு சரி. குடாநாட்டையும் வன்னியையும் ஆனையிறவுப் பக்கத்து உப்புநீர் பிரிக்கிறது. மட்டிக் குடம்பி மீனின் செவுளில் ஒட்டிப் பயணம் செய்யும். நன்னீர் மீன் போகாத இடத்துக்கு அதுவும் போகாது. இந்த நிலத்தில் வன்னியின் இரணைமடுக் குளத்து மட்டியும் குடாநாட்டுக் குளமொன்றின் மட்டியும் மரபணுவில் ஒத்துவந்தால், மென்பொருள் அதை மரபணுப் பாய்ச்சல் என்று கணக்கிடும். பாய்ந்தது மீன்குஞ்சு ஏற்றிவந்த லொறியாகவும் இருக்கலாம். இன்னொன்று: இரணைமடு கட்டப்பட்டு ஏறத்தாழ நூறாண்டுதான். பல ஆண்டு வாழும் மட்டிக்கு அது கொஞ்சத் தலைமுறை. அணைக்கட்டு உண்டாக்கிய பிரிவு இன்னும் மரபணுவில் பதிந்திராது.

எனவே மைக்ரோசாட்லைட்டுக்குக் காசு தேடுமுன், எந்தக் குளத்தில் எப்போது, எங்கிருந்து வந்த குஞ்சு விடப்பட்டது என்று நன்னீர் மீன்பிடிச் சங்கங்களிடமும், மட்டியையும் சேர்த்து அள்ளியிருக்கக்கூடிய தூர்வாரல் நடந்த ஆண்டைக் கமக்காரர் அமைப்புகளிடமும் கேட்டு எழுதவேண்டும். கூடவே, பாதத்தில் ஒற்றிய மாதிரிகளில் சி.ஓ.ஐ. பார்த்தால் போதும். அழிந்த குளமொன்றில் மட்டியை மீண்டும் விட எந்தக் குளத்து மட்டியை எடுப்பது என்ற கேள்வி எழும்போது மைக்ரோசாட்லைட்டுக்குச் செலவழிக்கலாம்.